வாத்தியாருக்கு வெற்றிலை வைத்த ஊர்

“ஏய் அட்மின், என்ர காசில இருந்துகொண்டு பதில் சொல்லத் தெரியாதா?”

திரையில் அந்த வரி விழுந்தபோது இரவு பதினொன்றே கால். என் அக்கா மகன் அதை ஒருமுறை வாசித்தான். “அண்ணா, உங்களுக்கு முன்னுக்கு நாலு பேர் இருக்காங்க. உங்க டிக்கெட்டைப் பார்த்துட்டேன். பத்து நிமிஷம் குடுங்க” என்று பதில் தட்டினான். முகத்தில் கோபம் இல்லை. இப்படிப் பதில் எழுதி எழுதிப் பழகிய கை அது.

கினிகத்தேனை பஸாரில் கைப்பேசி திருத்தும் கடை ஒன்றில் அவனுக்குப் பகலில் வேலை. கடை பூட்டிவிட்டு மலைப்பாதையில் ஏறி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு லயக்காம்பிராவின் மூலையில் உட்கார்ந்தால் இரண்டாவது வேலை தொடங்குகிறது. பழைய பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கித் தானே பொருத்திய கணினி. இந்த இரண்டாவது வேலைக்குச் சம்பளம் இல்லை. தமிழ் பேசுகிறவர்கள் கூடி விளையாடும் ஓர் இணைய ஊருக்கு அவன் அட்மின். திட்டியவர் டொரொண்டோவில் இருக்கிறார். அவர் கொடுத்ததாகச் சொல்லும் காசு சர்வர் வாடகைக்குப் போயிருக்கிறது. இவன் கைக்கு அதில் ஒரு ரூபாவும் வந்ததில்லை. மாறாக, மாதாமாதம் டேட்டாவுக்கு இவன் கைக்காசுதான் போகிறது.

நான் அங்கே போயிருந்தது ஒரு மாசி மாதம். மழைக்குப் பேர்போன அம்பகமுவப் பக்கத்தில் அதுதான் கொஞ்சம் காய்ந்த காலம். தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியிருந்தார்கள். முன்னிரவில் காமன் பொட்டலில் கூத்துப் பழகுவதைப் பார்ப்பேன், பின்னிரவில் மருமகனின் திரைக்குப் பக்கத்தில் உட்காருவேன். இப்படிச் சில நாள் போனதும் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே காரியம். வேஷம் கட்டுகிறவர்கள் பலர். அந்த வேஷங்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறாமல் கதையைக் கொண்டுபோகிறவர் ஒருவர். இரண்டு இடத்திலும் அந்த ஒருவருக்குக் கூலி கிடையாது. பொட்டலில் அவருக்கு வெற்றிலை பாக்கு வைக்கிறார்கள், திரையில் அவரை ஏசுகிறார்கள்.

அது என்ன விளையாட்டு என்று கேட்கும் பெற்றோருக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜி.டி.ஏ. 5 என்ற விளையாட்டை ராக்ஸ்டார் நிறுவனம் 2013இல் வெளியிட்டது. அதன் நகரத்தை எடுத்துக்கொண்டு, தங்கள் சொந்தச் சட்டதிட்டத்தோடு தனி ஊராக நடத்த வழி செய்கிறது ஃபைவ்எம் என்ற மென்பொருள். வெளியார் சிலர் உருவாக்கிய அந்த மென்பொருளின் குழுவை 2023 ஓகஸ்டில் ராக்ஸ்டாரே தன்னோடு சேர்த்துக்கொண்டது. இப்படி நடத்தும் ஊரில் சுட்டுத் தள்ளுவது பெரிய விஷயமில்லை, நடிப்பதுதான் விஷயம். ஒருவர் பொலிஸ், ஒருவர் அம்புலன்ஸ் ஓட்டுகிறவர், ஒருவர் மெக்கானிக், ஒருவர் திருடர். மைக்கில் பேசி, அந்த ஆளாகவே வாழ வேண்டும். ஆர்.பி. என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே பேசி விளையாடும் ஊர்கள் உண்டு. அங்கே யாழ்ப்பாணத்துத் திருடனை மதுரைப் பொலிஸ் பிடிப்பார், மட்டக்களப்புத் தாதி மருந்து கட்டுவார்.

இந்த ஊர்களுக்குள் சண்டை வராமல் இருக்குமா? காரணமில்லாமல் ஒருவர் இன்னொருவரைச் சுட்டுவிட்டுப் போவார். பிடிபடப் போகும் நேரத்தில் இன்னொருவர் கணினியை நிறுத்திவிட்டு ஓடுவார். திருடர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று யாரோ ஒருவரின் நேரலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தன் பாத்திரத்துக்கே அது தெரிந்ததுபோல வந்து நிற்பவரும் உண்டு. இவற்றையெல்லாம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவர்தான் அட்மின், மோட், கேம் மாஸ்டர். பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஆட்டக்காரர்கள் அவருக்கு எழுதி அனுப்பும் முறையீட்டைத்தான் டிக்கெட் என்கிறார்கள். ஆட்டம் ஓடும்போது அவர் பெரும்பாலும் ஆடுவதில்லை. மற்றவர்கள் ஆடுவதற்காக விழித்திருக்கிறார்.

பொட்டலில் கண்டது

காமன் கூத்தை மலையகத்தில் தெரியாதவர்கள் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் மூட்டையோடு கொண்டுவந்த கூத்து. மாசி அமாவாசை கழிந்ததும் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமி இரவு வேஷம் கட்டி, தப்படித்து, லயம் லயமாகப் போய், விடியும்போது சிவன் மன்மதனை எரிப்பார். மூன்றாம் நாள் உயிர்ப்பு. நெருப்பைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் கினிகத்தேனைக்கு அது பொருத்தமான கூத்துதான். சிங்களத்தில் கினி என்றால் நெருப்பு.

வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு ரதியும் மன்மதனும்தான் தெரிவார்கள். கூத்தைத் தூக்கி நிறுத்துகிறவர் வாத்தியார். பாட்டு முழுக்க அவர் தலைக்குள் இருக்கும். யார் எந்த வேஷத்துக்குத் தோது என்று பார்ப்பவர் அவர். யார் எப்போது உள்ளே வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், உரு வந்து ஆடுகிறவரை எப்போது திருநீறு போட்டு அமர்த்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். நான் பார்த்த வாத்தியார் தோட்டத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். கொழும்பில் புடவைக் கடையில் நிற்கும் பையன் லீவு போட்டு வந்து மன்மத வேஷம் கட்டுகிறான். முகத்தில் அரிதாரம் படுமுன் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்து வாத்தியார் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அந்தச் சில்லறையைக் கூலி என்று யாரும் நினைப்பதில்லை. ‘இன்றிரவு என்னை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன்’ என்று சொல்லும் முறை அது.

ஒரு நாள் பழக்கத்துக்கு, எமன் வேஷக்காரர் குடித்துவிட்டு வந்தார். காப்புக் கட்டிய பிறகு குடிக்கக்கூடாது. வாத்தியார் பாட்டை நிறுத்தவில்லை. அடுத்த அடி வந்ததும் எமனின் வரியைத் தானே பாடினார். பாட்டு முடிந்த பிறகு அவர் பக்கத்தில் போய், “தம்பி, இன்னிக்கு நீ உக்காந்து பாரு” என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் நல்ல உடற்கட்டு உள்ளவர், வாய்ப்பேச்சிலும் குறைந்தவரில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. போய் ஓரத்தில் உட்கார்ந்தார். மறுநாள் விடிய வெற்றிலையோடு வாத்தியார் வீட்டு இஸ்தோப்பில் நின்றார். பௌர்ணமி இரவு எமனாக ஆடியதும் அவர்தான்.

எமன் வேஷக்காரரை உட்காரவைத்த அன்று பின்னிரவு, மருமகனின் திரையில் வேறொரு விலக்கலைப் பார்த்தேன். காரணமில்லாமல் மூன்று பேரைச் சுட்ட ஒருவரை 24 மணித்தியாலம் தடை செய்திருந்தான். தடை விழுந்த அடுத்த நிமிடம் முறையீடு வந்தது. முறையீட்டில் நடந்தது என்ன என்று ஒரு வரி இல்லை. அட்மினின் தாயைப் பற்றி நாலு வரி இருந்தது. பிறகு முகநூலில் தேடிப்பிடித்து அதே வசவு. பிறகு வட்ஸப்பில். தாய் அந்த நேரத்தில், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், மறுநாள் பெரட்டுக்குப் போக வேண்டும் என்று தூங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் செய்தது தப்பு. இரண்டு பேரையும் ஆட்டத்திலிருந்து இறக்கியது ஒரே வகை அதிகாரம். ஒருவர் வெற்றிலையோடு வந்தார், மற்றவர் வசவோடு வந்தார். வேறுபாடு குணத்தில் இல்லை என்று நினைக்கிறேன். எமன் வேஷக்காரருக்கு எப்படி நடந்துகொள்வது என்று ஊர் சொல்லிக்கொடுத்திருந்தது. அந்த இணையப் பையனுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மந்திரவாதிகள் விலகிய கதை

ஆட்டத்தை நடத்தும் இந்த வேலைக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்டபோது, மேசையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவர் கதைநடத்துநராக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோவும் ரிச்சர்ட் பார்ட்லும் கணினியில் பலர் ஒரே நேரத்தில் ஆடும் மட் என்ற எழுத்துலகத்தை உருவாக்கினார்கள். அதில் நன்றாக ஆடி உச்சிக்குப் போனவர்கள் ‘விசார்ட்’ ஆவார்கள், அதாவது மந்திரவாதி. ஆட்டத்தை ஒழுங்காக வைத்திருக்கும் பொறுப்பும் அவர்களோடு சேர்ந்து வந்தது. இணைய விளையாட்டில் சம்பளமில்லாத அட்மினின் பாட்டன் அந்த விசார்ட்தான்.

அந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் லெம்டாமூ. 1990இல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் பணியாற்றிய பேவல் கர்ட்டிஸ் திறந்த எழுத்துலகம் அது. படம் இல்லை, குரல் இல்லை, எழுத்து மட்டும். ஆட்கள் பெருகப் பெருகச் சண்டைகளும் பெருகின. எல்லாச் சண்டையும் விசார்டுகளிடமே வந்து விழுந்தது. யார் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் மற்றவர் பகை. 1992 டிசம்பரில் கர்ட்டிஸ் ஓர் அறிவிப்பு எழுதினார்: இனி விசார்டுகள் நீதிபதிகளாக இருக்க மாட்டார்கள், இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது, ஊர் விவகாரத்தை ஊரே பார்த்துக்கொள்ளட்டும்.

சில மாதம்தான் போயிருந்தது. 1993இல் மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் ஆடிய ஒருவர், மற்றவர்களின் பாத்திரங்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, எல்லோரும் பார்க்க எழுத்தில் பாலியல் கொடுமை செய்தார். எழுத்துதானே என்று கடந்துபோக முடியவில்லை; கொடுமைக்கு ஆளான பாத்திரம் ஒன்றுக்குப் பின்னால் இருந்த பெண் உண்மையாகவே அழுதாள். ஊர் கூடிப் பேசியது. மணிக்கணக்காகப் பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் ஒரு விசார்ட் தனியாக முடிவெடுத்து பங்கிள் பாத்திரத்தை அழித்தார். ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளர் அதே ஆண்டு டிசம்பரில் ‘வில்லேஜ் வொய்ஸ்’ இதழில் இதை விரிவாக எழுதினார். பிறகு மனு, வாக்கெடுப்பு என்று ஒரு ஏற்பாடு வந்தது. அதுவும் முழுதாகச் சரிவரவில்லை. 1996இல் விசார்டுகள் தங்கள் பழைய அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். வெறும் பழுதுபார்ப்பவராக மட்டும் இருக்க முடியாது, எதைச் செய்தாலும் அது ஊர் விவகாரமாகவே ஆகிவிடுகிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

நடத்துநர் இல்லாத ஆட்டம் என்று ஒன்று இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது. அவரை ஏசி ஏசி விரட்டலாம். விரட்டிய பிறகு வருகிறவன் பங்கிள்.

2002இல் வந்த நெவர்விண்டர் நைட்ஸ் விளையாட்டில் ஒரு அழகான ஏற்பாடு இருந்தது. கதைநடத்துநர் கண்ணுக்குத் தெரியாமல் ஆட்டத்துக்குள் நின்று, எந்தப் பாத்திரத்துக்குள்ளும் புகுந்து பேசலாம். கடைக்காரனாக, காவலாளியாக, பூதமாக. எமனின் வரியை வாத்தியார் தானே பாடியதைப் பார்த்த அன்று எனக்கு அந்த விளையாட்டுதான் நினைவுக்கு வந்தது. அந்த உலகங்களை வருடக்கணக்காக ஓட்டியவர்களும் பெரும்பாலும் காசு வாங்காதவர்களே.

பேர் விழாத வேலை

மலையகத்தில் ‘சும்மா வேலை’ என்ற சொல்லுக்கு எடை அதிகம். குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர் போடும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதிச் சம்பளம். ஆகையால் காசில்லாத வேலை என்றதும் என் அக்காவுக்கு முதலில் வந்த கேள்வி, “யாரு வயித்தை நெறைக்க இவன் ராக்கண்ணு முழிக்கிறான்?” என்பதுதான். நியாயமான கேள்வி. உலகமும் அதைக் கேட்டிருக்கிறது.

1997இல் வெளியான அல்டிமா ஒன்லைன் விளையாட்டில் நீல அங்கி அணிந்த ‘ஆலோசகர்’கள் இருந்தார்கள். உதவி கேட்டு மணியடித்தால் அந்த நீல அங்கிதான் முன்னால் வந்து நிற்கும். அவர்கள் தொண்டர்கள். சிவப்பு அங்கி போட்ட கேம் மாஸ்டர்கள் சம்பளக்காரர்கள். ஆட்டக்காரர்களில் பலருக்கு இந்த நிற வித்தியாசம் விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளவும் முயலவில்லை. இரண்டு அங்கிக்கும் ஒரே ஏச்சு. 2000இல் முன்னாள் ஆலோசகர்கள் சிலர், நாங்கள் செய்தது வேலை, அதற்குச் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு அமெரிக்கா ஒன்லைன் நிறுவனத்தின் தொண்டர்களும் அப்படியே போயிருந்தார்கள். அந்த நிறுவனத்தின் அரட்டை அறைகளை ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கட்டிக்காத்தார்கள். அந்த வழக்கு ஏறத்தாழ பத்தாண்டு இழுத்து, 1 கோடி 50 இலட்சம் டொலருக்கு இணக்கமாக முடிந்தது.

நிறுவனம் இலாபம் பார்க்கும் இடத்தில் தொண்டு என்ற பெயரில் உழைப்பை வாங்குவது தவறு என்றே நான் நினைக்கிறேன். அந்த வழக்குகளைப் போட்டவர்கள் பக்கம்தான் என் மனம். மருமகனின் ஊர் அப்படிப்பட்டதல்ல. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வாடகை கட்டி நடத்துவது. அவன் செய்வதற்குப் பொருத்தமான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: சிரமதானம். பாதை வெட்டுகிற சிரமதானத்தில் மண்வெட்டி பிடித்து நிற்பவனிடம், “என்ன இவ்வளவு மெதுவா வெட்டுறே” என்று வழியில் போகிறவர் அதட்டினால் நாம் பார்த்துக்கொண்டு இருப்போமா?

2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டபோது அவன் புதிதாகச் சேர்ந்த மோட். கைப்பேசியில் மிச்சமிருந்த சார்ஜில் டிக்கெட்டுக்குப் பதில் எழுதியிருக்கிறான். அப்போதும் வெளிநாட்டிலிருந்து ஒருவர், “ஒன்லைனில இருக்க ஏலாட்டி ஏன் மோட் ஆனனி?” என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை அவன் இன்னும் மறக்கவில்லை. சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

அவனிடம் கேட்டேன்: ஆட்டக்காரர்கள் எப்படி நடந்தால் உனக்கு நிம்மதி? கும்பிட வேண்டுமா?

“ஐயோ வேணாம் மாமா. என்னா நடந்துச்சு, எத்தனை மணிக்கு, எந்த இடத்துல, யாரு. இதை மட்டும் எழுதினாப் போதும். கிளிப் இருந்தா அதையும் போட்டா இன்னும் நல்லம். ‘அநியாயம் நடந்திருச்சு’ன்னு ஒத்த வரி எழுதினா நான் எங்க போய்த் தேட?”

எனக்குத் தெரிந்து ஒரு நல்ல டிக்கெட்டின் இலக்கணம் அதுதான். நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி ‘அட்மின் அட்மின்’ என்று கத்துவது அவனுக்கு ஆகவே ஆகாத இன்னொன்று. கூத்தில் ஓர் அடி பிசகினாலும் பாட்டு நிற்காது. விடிந்த பிறகுதான் கணக்கு. இங்கேயும் காட்சியை முடித்துவிட்டு வந்து முறையிட்டால், உள்ளே இருக்கும் மற்ற பத்துப் பேரின் இரவு கெடாது. ஒரே புகாரை ஐந்து தரம் எழுதினால் ஐந்து மடங்கு வேகம் வராது. வரிசையில் இருக்கும் நாலு பேரின் நேரம்தான் தின்னப்படும்.

சலுகை கேட்பது இன்னொரு நோய். ‘நீங்க ஹட்டன் பக்கமா? நானும் நோர்வூட்தான், ஒரு கார் போட்டு விடுங்களேன்.’ ‘ரீலோட் போட்டு விடுறேன், தடையை எடுத்து விடுங்க.’ ஊர்ப்பாசம் நல்லது. ஆனால் அது தீர்ப்புக்குள் நுழைந்த நிமிடமே ஆட்டம் செத்துவிடும். தன் தம்பி மகன் என்பதற்காக ஆடத் தெரியாதவனுக்கு மன்மத வேஷம் கொடுத்த வாத்தியாரின் கூத்தை அடுத்த வருடம் யாரும் பார்க்க வரமாட்டார்கள். நண்பனிடம் சலுகை கேட்பவர், அவனை மற்ற எல்லோருக்கும் துரோகியாகும்படி கேட்கிறார்.

பெண் மோட்கள் படும் பாடு தனி. மருமகனின் குழுவில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் மைக்கைத் திறப்பதில்லை. எழுத்தில் மட்டும் பதில் சொல்கிறார்கள், ஆண் பெயர் வைத்திருக்கிறார்கள். குரல் கேட்ட மறு நிமிடம் படம் கேட்பவன், கலியாணம் கேட்பவன் என்று டிக்கெட் குவிகிறதாம். மூன்றாவதாக ஒரு பெண் இருந்தாள். தடை செய்யப்பட்ட ஒருவன் அவளுடைய சொந்த முகநூல் கணக்கைத் தேடிப்பிடித்து, அவள் வீட்டாருக்கு எழுதிவிட்டான். வீட்டில் கணினியைப் பூட்டிவிட்டார்கள். நல்ல நடத்துநர், கதை கட்டுவதில் அவளுக்கு நிகர் இல்லை என்கிறான் இவன். குற்றம் செய்தவன் இன்னும் வேறு பெயரில் ஆடிக்கொண்டிருக்கிறான். லெம்டாமூவில் நடந்ததற்கும் இதற்கும் இடையில் எத்தனை வருடம் ஓடிவிட்டது! இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது. ஆட்டத்தில் கிடைத்த தீர்ப்புக்கு ஆட்டத்துக்கு வெளியே ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுவது கேவலம். அதைச் செய்கிறவனுக்கு எந்த ஊரிலும் இடம் இருக்கக்கூடாது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் மற்ற ஆட்டக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இதை வாசிக்கும் ஆட்டக்காரர் ஒருவர் கேட்கலாம்: அட்மின்கள் மட்டும் யோக்கியமா? இல்லை. தன் கூட்டாளிக்கு ஒரு நீதி, புதியவனுக்கு ஒரு நீதி என்று நடத்துகிறவர்கள் உண்டு. பகையைத் தீர்க்கத் தடைப் பொத்தானை அழுத்துகிறவர்கள் உண்டு. அவர்களைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். கேட்கிற முறை ஒன்று இருக்கிறது: தீர்ப்புச் சொன்னவரிடமே மல்லுக்கு நிற்காமல், அதே குழுவில் இன்னொருவரிடம், ஆதாரத்தோடு, ஒருமுறை. அப்படியும் நியாயம் கிடைக்காவிட்டால் அந்த ஊரை விட்டு வெளியேறலாம். வெளியேறும் சுதந்திரம் ஆட்டக்காரருக்கு எப்போதும் இருக்கிறது.

மரியாதை என்று சொல்லும்போது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் இருப்பதை நான் அறிவேன். தோட்டத்தில் அதிகாரம் என்பது துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் கங்காணியிடமும் இருந்தது. அவர்களைக் கண்டால் தோளில் கிடந்த துண்டை இறக்கிக் கையில் பிடித்து, குரலை இறக்கி நின்றவர்கள் எங்கள் பாட்டன்மார். அந்த மரியாதை பயத்தில் பிறந்தது. அதை விட்டொழித்த தலைமுறை இது, விட்டொழித்தது சரியும்கூட. ஆனால் விட்ட வேகத்தில், அதிகாரம் கொண்ட யாரைக் கண்டாலும் ஒன்று பணிவது, இல்லாவிட்டால் பாய்வது என்று இரண்டே வழிதான் என்று நினைத்துவிட்டோம்.

மூன்றாவது வழி ஒன்று அதே தோட்டத்தில்தான் இருந்தது. துரைக்குக் கட்டுப்பட்டதுபோல வாத்தியாருக்கு யாரும் கட்டுப்படவில்லை. அவரும் அதே பெரட்டுக் களத்தில் அதே வரிசையில் நின்றவர். அவரிடம் சம்பளத்தை வெட்டும் பேனா இல்லை. கூத்து நடக்கும் அந்தச் சில நாளுக்கு மட்டும், கதை உருப்பட வேண்டும் என்பதற்காக, ஊர் தானாக விரும்பி அவர் சொல்லைக் கேட்டது. கம்பம் பிடுங்கிய மறுநாள் அவரும் எமனும் ஒரே கடையில் பிளேன்டீ குடித்தார்கள். அந்த உறவைத்தான் நான் அட்மினுக்கும் ஆட்டக்காரருக்கும் இடையில் கேட்கிறேன்.

பௌர்ணமி இரவு மருமகன் கணினியைத் திறக்கவில்லை. ஓலைத் தூதன் வேஷம் அவனுக்கு. மூன்று நாள் லீவு என்று குழுவில் எழுதிவைத்துவிட்டுத்தான் போனான். விடியற்காலை மன்மதன் எரிந்து முடிந்து, முகத்தில் பாதி அரிதாரத்தோடு காம்பிராவுக்குள் வந்து கைப்பேசியைப் பார்த்தான். நிறையச் செய்திகள். ‘எங்கே போய்த் தொலைந்தாய்’ என்ற வகையில் பாதிக்கு மேல். நடுவில் ஒன்று வவுனியாவிலிருந்து, போன மாதம் அவனிடமே தடை வாங்கிய ஒரு பையன் எழுதியது:

“அண்ணா, கூத்து எப்பிடிப் போனது? படம் இருந்தா அனுப்புங்கோ. என்ர டிக்கெட் அவசரமில்லை, நீங்க நித்திரை கொண்டுட்டு வாங்கோ.”

அவன் அதை எனக்கு நீட்டிக் காட்டினான். பிறகு அரிதாரத்தைக்கூடக் கழுவாமல் அந்தப் பையனுக்கு ஒரு படம் அனுப்பினான்.

இன்றிரவு நீங்கள் ஏதாவதொரு ஊருக்குள் ஆடப் போகிறீர்கள் என்றால், உள்ளே நுழைவதற்கு முன் அங்கே விழித்திருக்கும் ஆளின் பெயரைப் பார்த்து வையுங்கள். ஆட்டம் முடிந்து வெளியேறும்போது அந்தப் பெயருக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் படுக்கப் போங்கள்.